ஆறாவது ஆள் யார்?

ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து அணிகள் ஆடும் முன்னோட்ட ஆட்டங்களை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. அவற்றின் வெற்றி தோல்வி புள்ளிப் பட்டியலில் ஏறுவதில்லை. பெயர்பெற்ற வீரர்கள் சிறிது நேரம் ஆடிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றுவிடுவார்கள். இடைவேளைக்குப் பின் இருக்கைகள் காலியாகத் தொடங்கும். நான் ஊன்றிப் பார்ப்பது அந்த இரண்டாம் பாதியைத்தான். அதிலும் பந்தை அல்ல. பந்துக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேரை.

நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அன்று இது. பந்தை எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது. பந்து கையிலுள்ள அணியின் பதினொரு பேரில் ஐவர் முன்வரிசையில் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், இரு ஓரங்களிலும் டேக்கிள்கள். பெரும்பாலோர் 135 கிலோ எடைக்கு மேற்பட்டவர்கள். வழக்கமான ஆட்டத்தில் முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க விதி இவர்களை அனுமதிப்பதில்லை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் மீது எதிரணியினர் பாய்ந்துவிடாதபடி இரண்டரை, மூன்று விநாடிகள் சுவராக நிற்பதும், பந்துடன் ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதுமே இவர்களின் வேலை. அதைச் சரியாகச் செய்தால் வர்ணனையாளர் இவர்களின் பெயரைச் சொல்லவே மாட்டார். பெயர் ஒலிபெருக்கியில் கேட்கிறது என்றால் பெரும்பாலும் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள்.

இந்த ஐவரும் பருவத்தின் 17 ஆட்டங்களையும் ஒன்றுகூடத் தவறாமல் சேர்ந்து ஆடி முடிப்பது அரிது. முழங்காலோ கணுக்காலோ முதுகோ யாரையேனும் உட்கார வைத்துவிடும். எனவே ஓர் அணியின் முன்வரிசையை எடைபோடும்போது முதல் ஐவரைவிட ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆள் யார் என்ற கேள்விதான் என்னை அதிகம் உறுத்தும். விமர்சகர்கள் பலர் இதைத் தலை எண்ணிக் கணக்கிடுகிறார்கள்: 'இத்தனை மாற்று வீரர்கள் உண்டு, இத்தனை ஆண்டு அனுபவம் உண்டு.' எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. ஒருவர் விழுந்தால் எத்தனை இடங்கள் மாறுகின்றன என்பதே சரியான அளவுகோல் என்று கருதுகிறேன். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் அண்மைக்கால வரலாறு இதற்குப் போதிய சான்று.

2021 ஜனவரி இறுதியில், பஃபலோ அணிக்கு எதிரான ஆட்டத்தில் சீஃப்ஸின் இடது டேக்கிள் எரிக் ஃபிஷருக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுவலியால் அக்டோபரிலேயே ஒதுங்கிவிட்டிருந்தார். கார்டான லோராங் துவெர்னே-டார்டீஃப் மருத்துவப் பட்டம் பெற்றவர். கொரோனா காலத்தில் அந்தப் பருவத்தையே துறந்து கியூபெக்கில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் பணிபுரியச் சென்றிருந்தார். இருவார இடைவெளியில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். பயிற்சியாளர்கள் என்ன செய்தார்கள்? வலப்புறம் ஆடிக்கொண்டிருந்த மைக் ரெம்மர்ஸை இடது டேக்கிளாக்கினார்கள். வலது கார்டாக இருந்த ஆண்ட்ரூ வைலியை வலது டேக்கிளாக்கினார்கள். வைலியின் இடத்துக்கு ஸ்டெஃபன் விஸ்னெவ்ஸ்கியைக் கொண்டுவந்தார்கள். விழுந்தவர் ஒருவர், மாறியவை மூன்று இடங்கள்.

பிப்ரவரி 7 அன்று டாம்பாவில் நடந்ததைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். உலகின் தலைசிறந்த குவார்ட்டர்பேக் என்று கருதப்பட்ட பேட்ரிக் மஹோம்ஸ் மாலை முழுவதும் உயிருக்கு ஓடுபவர்போல் ஓடிக்கொண்டிருந்தார். ஈஎஸ்பிஎன் கணக்கின்படி அவர் 29 முறை எதிரணியின் நெருக்கடிக்கு ஆளானார். சூப்பர் பௌல் வரலாற்றில் அதற்குமுன் யாரும் அத்தனை முறை நெருக்கப்பட்டதில்லை. 31-9 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் சீஃப்ஸ் அணி ஒரு டச்டவுன்கூட அடிக்கவில்லை.

இதில் கவனிக்கத்தக்க இன்னொன்று உண்டு. 2020இல் கொரோனாவால் முன்னோட்ட ஆட்டங்கள் முற்றிலும் ரத்தாகியிருந்தன. மாற்று வரிசைகளைச் சோதித்துப் பார்க்கும் களமே அந்த ஆண்டு எந்த அணிக்கும் கிடைக்கவில்லை. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்னோட்ட ஆட்டம் எதற்குத்தான் பயன்படுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சுட்டுவது அந்த மாலையைத்தான்.

அன்று வலது ஓரத்தில் திணறிய வைலியை ரசிகர்கள் வறுத்தெடுத்தார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில், அதே வைலி அதே வலது டேக்கிள் இடத்தில் மீண்டும் ஒரு சூப்பர் பௌல் ஆடினார். எதிரே நின்ற ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், அந்தப் பருவத்தில் குவார்ட்டர்பேக்குகளை 70 முறை வீழ்த்திய அணி. அன்று அவர்களால் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. 38-35 என்று சீஃப்ஸ் வென்றது. மாறியது என்ன? அவர் ஒரு பருவம் முழுவதும் அதே இடத்தில் ஊன்றி ஆடியிருந்தார். அவருக்கு அருகிலும் அப்பாலும் 2021இல் புதிதாகச் சேர்க்கப்பட்ட டிரே ஸ்மித், கிரீட் ஹம்ஃப்ரி, ஜோ தூனி, ஆர்லாண்டோ பிரவுன் ஆகியோர் நின்றார்கள். மாற்று வீரர் என்று நாம் முத்திரை குத்துபவர் எல்லா நேரமும் திறமைக் குறைவானவர் அல்லர். பல நேரங்களில் அவர் தமக்குப் பழகாத இடத்தில் நிறுத்தப்பட்டவர், அவ்வளவே. இடப்புறம் நிற்பவருக்கும் வலப்புறம் நிற்பவருக்கும் எந்தக் காலைப் பின்வைப்பது, எந்தக் கையை முதலில் நீட்டுவது என்பதெல்லாம் தலைகீழ். ஆண்டுக்கணக்கில் உடலில் ஊறிய அசைவை ஒரு வாரத்தில் திருப்பிப்போட முடியாது.

இவ்வளவு பட்டும் அதே அணி அதே பள்ளத்தில் மீண்டும் விழுந்தது என்பதுதான் வியப்பு. 2024 ஆகஸ்டில் இடது டேக்கிள் இடத்துக்கு வான்யா மாரிஸ், புதுமுகம் கிங்ஸ்லி சுவாமட்டையா இருவரும் போட்டியிட்டனர். சுவாமட்டையா வென்றார். பருவத்தின் இரண்டாம் வாரத்திலேயே, சின்சினாட்டியின் டிரே ஹென்ட்ரிக்சனுக்கு ஈடுகொடுக்க முடியாமல், ஆட்டத்தின் நடுவே வெளியே அழைக்கப்பட்டார். பிறகு மாரிஸ், பிறகு நவம்பரில் வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட டி.ஜே. ஹம்ஃப்ரீஸ், அவரும் காயமுற, இறுதியில் இடது கார்டான தூனியையே ஓரத்துக்குத் தள்ளி, அவர் இடத்தில் மைக் காலியெண்டோவை நிறுத்தினார்கள். ஓர் ஓட்டையை அடைக்க, இருந்தவற்றில் உறுதியான செங்கல்லை உருவினார்கள். 15 வெற்றி, 2 தோல்வி என்ற கணக்கு அந்த ஓட்டையை மறைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் அதே ஈகிள்ஸ், பாய்வதற்குக் கூடுதல் ஆட்களை அனுப்பாமலே மஹோம்ஸை ஆறுமுறை வீழ்த்தி, இடைவேளையில் 24-0 என்றும் முடிவில் 40-22 என்றும் வென்றது.

ஆகஸ்ட் மாதச் சோதனை சுவாமட்டையாவைப் பற்றி ஏன் சரியாகச் சொல்லவில்லை? அந்தக் கருவியின் குறைகளை அறியாமல் அதைப் படிப்பதுதான் சிக்கல். முன்னோட்ட ஆட்டங்களில் எதிரணி தன் உண்மையான வித்தைகளைக் காட்டாது. பாய்பவர்கள் இருவர் குறுக்கே இடம் மாறி வருவது, எதிர்பாராத மூலையிலிருந்து கூடுதல் ஆளை ஏவுவது ஆகியவற்றையெல்லாம் பருவத்துக்காக மூடி வைத்திருப்பார்கள். எதிரே நிற்பவரும் பல நேரங்களில் வேலைக்காகத் திண்டாடும் இன்னொரு மாற்று வீரரே. தவிர, அனுபவமற்ற குவார்ட்டர்பேக் பந்தை நான்கு விநாடி கையில் வைத்திருந்து வீழ்ந்தால் பழி முன்வரிசையின் மீது விழும். ஆகவே 'இவர் ஒரு சேக்கும் கொடுக்கவில்லை' என்ற பாராட்டையும் 'இரண்டு கொடுத்தார்' என்ற வசையையும் நான் ஒரே அளவு ஐயத்துடன்தான் படிக்கிறேன்.

சில அடையாளங்கள் மட்டும் பொய் சொல்வதில்லை. பாய்பவர் இருவர் குறுக்கே மாறும்போது, பக்கத்தில் நிற்பவரிடம் ஆளைக் கைமாற்றிவிட்டு அடுத்தவரைப் பார்க்கத் தலை திரும்புகிறதா? முதல் மோதலில் பின்தள்ளப்பட்டவர் மூன்றாவது அடியில் காலூன்றி நிற்கிறாரா? பந்து அசையுமுன் அசைந்து ஐந்து கஜம் இழக்கிறாரா? சென்டருக்கு மாற்றாக வருபவர் பந்தைப் பின்னால் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்துக்குப் போகிறதா? இவற்றுக்கெல்லாம் மேலாக, மாற்று வீரரை முதல்தர நால்வருக்கு நடுவே நிறுத்தி, எதிரணியின் முதல்தர வீரர்களோடு மோதவிடுகிறார்களா என்பதைப் பார்க்கிறேன். பல பயிற்சியாளர்கள் இதைச் செய்வதில்லை. இரண்டாம் ஐவரை மொத்தமாக இறக்கி, மொத்தமாக எடைபோடுகிறார்கள். பருவத்தில் ஐவரும் ஒருசேரக் காயமுறுவது எங்கே நடக்கிறது? ஒருவர்தான் விழுகிறார், ஒருவர்தான் உள்ளே வருகிறார். ஒத்திகையும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

இதற்கான காலமும் சுருங்கிவிட்டது. 2011ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஒப்பந்தம், காப்புக் கவசங்களுடன் ஒரே நாளில் இருமுறை பயிற்சி செய்வதை நிறுத்தியது. வீரர்களின் உடல்நலனுக்கு அது தேவையான முடிவு. நான் அதைக் குறை கூறமாட்டேன். 2021 முதல் முன்னோட்ட ஆட்டங்கள் நான்கிலிருந்து மூன்றாயின. மோதியே கற்கவேண்டிய தொழிலுக்கு மோதும் வாய்ப்புக் குறைந்தது. மறுபுறம், 2020 ஒப்பந்தம் ஒரு நல்ல விதியைத் தந்தது: ஓர் ஆட்டத்துக்கு 48 வீரர்களைத் தயார்நிலையில் வைக்க விரும்பும் அணி, அவர்களில் 8 பேரையாவது இந்த முன்வரிசையினராக வைத்தாகவேண்டும். அதற்குமுன் 46 பேருக்குள் ஏழு பேரோடு சமாளித்த அணிகள் பல. எட்டாவது ஆளின் பிழைப்பு இப்போது விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஒன்பதாவது, பத்தாவது ஆட்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகஸ்ட் இறுதியில் ஒவ்வோர் அணியும் 90 பேரிலிருந்து 53 பேருக்கு இறங்கியாகவேண்டும். 2023 முதல் இந்தக் கழிப்பு படிப்படியாக அன்றி ஒரே கெடுவில் முடிகிறது. 32 அணிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1,200 பேர் வேலை இழக்கிறார்கள். அவர்களில் பலரைப் பிற அணிகள் உரிமை கோர 24 மணி நேர அவகாசம். யாரும் கோராவிட்டால் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் ஓர் இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். டிசம்பரில் யாரோ ஒருவரின் முழங்கால் திரும்பும்போது அணிகள் அவசரமாகத் தேடி அழைப்பது இவர்களில் ஒருவரைத்தான்.

2025 ஏப்ரலில் சீஃப்ஸ் தன் முதல் சுற்றுத் தேர்வில் ஜாஷ் சிம்மன்ஸ் என்ற இடது டேக்கிளை எடுத்தது; அதற்கு முந்தைய மாதமே ஜேலன் மூர் என்ற இன்னொரு டேக்கிளையும் ஒப்பந்தம் செய்திருந்தது. ஓரத்தில் ஒருவர் விழுந்தால் கார்டைத் தொடவேண்டாம் என்ற பாடம் ஏறியிருந்தது. ஓரத்தில் தோற்ற சுவாமட்டையாவை உள்ளே நகர்த்தி இடது கார்டாக்கினார்கள். நான்கே விநாடி ஆடும் ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், உள்ளிடத்தில் அவருக்கு இருபுறமும் துணை இருப்பதையும், தனியே விரிந்த வெளியில் வேகமான ஒருவரை எதிர்கொள்ளும் தேவை குறைந்திருப்பதையும் காணலாம்.