நாக்கை அறுத்தும் பேசும் மருமகள்

கொல்கத்தாவில் ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: “தெற்குப் பார்த்ததா?” ஆமாம் என்றால் விலை கூடும். வீடுகளில் ராஜா தெற்கு வாசல் வீடுதான் என்று வங்காளிகளுக்குச் சொல்லிவைத்தவள், நாக்கு அறுக்கப்பட்ட ஒரு மருமகள்.

பெயர் கனா. சோதிட மேதை வராகமிகிரரின் மகன் மிகிரனின் மனைவி. கணிப்பில் மாமனாரையே மிஞ்சியதால் அவள் நாக்கை அறுத்துவிட்டார்கள் என்பது கதை. சரித்திரம் இதற்கு ஒத்துழைப்பதில்லை. வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டு உஜ்ஜயினிக்காரர். கனாவின் வாசகங்களில் உள்ள வங்காளி மொழியோ வெகு பிற்காலத்தது. கொல்கத்தாவிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், சந்திரகேதுகரில் ‘கனா-மிகிரர் மேடு’ இருக்கிறது. 1950களில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகம் அந்த ஊரில் அகழாய்வைத் தொடங்கியது. மேட்டிலிருந்து வெளிப்பட்டது ஒரு பழைய கோயில்.

ஆள் சந்தேகம், ஆனால் சரக்கு அசல். எந்தப் பயிருக்கு எத்தனை உழவு, வாழை இலையை ஏன் வெட்டக்கூடாது, மாசி பிறக்கும் சமயத்து மழை ஏன் நல்லது என்று நம்மூர் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ பாணியில் நறுக்கென்ற வாசகங்கள். வீட்டுக்கும் யோசனை உண்டு: கிழக்கே வாத்து நீந்தக் குளம், மேற்கே மூங்கில், வடக்கே வாழை, தெற்கே திறந்த வெளி. மாலை வெயிலை மூங்கில் மறைக்கும். கோடையில் கடல்பக்கமிருந்து வரும் காற்று தடையில்லாமல் வீட்டுக்குள் நுழையும்.

இதே வேலையை ஜெர்மனியில் செய்தவர் 1566இல் பிறந்த போதகர் யோஹன்னஸ் கோலர். மாதவாரியாக வயல்வேலை, கால்நடை, சமையல், கைமருந்து என்று 1590களில் அவர் புத்தகங்கள் வெளியிட்டார். அந்த வகை எழுத்துக்கு ஜெர்மனியில் ‘வீட்டுத் தந்தை இலக்கியம்’ என்றே பெயர். குடும்பத் தலைவனுக்காக எழுதப்பட்டது. வங்காளக் கதையிலோ வீட்டுத் தலைவர் தோற்றுப்போகிறார். பல தலைமுறை உழவர்கள் வாய்வழியாகச் சேர்த்த அனுபவம், அவர் வாயடைத்த மருமகள் பெயரில் நிலைத்துவிட்டது.

இன்றைய நகரம் அவள் பேச்சைப் பாதிதான் கேட்கிறது. தெற்கு வாசல் விளம்பரங்களில் பத்திரமாக இருக்கிறது. குளங்கள் பல மண் கொட்டி மூடப்பட்டு, மேலே அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் தண்ணீர் போக இடமில்லாமல் அவற்றின் வாசலில் வந்து நிற்கிறது.