மாத்தளைக்கு நடந்த கால்கள்

ஒரு பாட்டு சில நாட்களிலேயே கடல் கடந்துவிடும் காலம் இது. 2021ஆம் ஆண்டில் 'மெனிகே மகே ஹிதே' என்னும் சிங்களப் பாடல், இணையக் காணொளியாகப் பரவி இந்தியாவெங்கும் ஒலித்ததை நாம் அறிவோம். களிப்பூட்டும் பாட்டுக்குக் கிட்டிய அவ்வேகம், ஒரு மக்களின் நியாயக் குரலுக்கும் கிட்டுமா?

கிட்டும் என்பதற்கு மாத்தளையே சாட்சி. அன்று கோப்பித் தோட்டங்களுக்கென வந்த மலையகத் தமிழரின் முன்னோருட் பலர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் அநேகர். அவ்வரலாற்றின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம், ஏறக்குறைய 250 கிலோமீற்றர் கடந்து ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. காணியும் வீடும் நியாயமான வேதனமும் சமவுரிமையும் வேண்டி நடந்தோரின் படங்களும் காணொளிகளும், ஒருவர் பலருக்கு அனுப்ப, கைத்தொலைபேசி வழியே தூர தேசங்களுக்கும் சென்றன.

ஆயினும், பார்த்துப் பகிர்வதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? இன்று பரவும் காணொளி நாளை மறக்கப்படலாம். கேட்ட காணியோ தலைமுறைகளுக்கு வேண்டுவது. மாணவர்களே! பாட்டியார் சொல்லும் லயத்துக் கதைகளை இன்றே பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் உடன் குறித்து வையுங்கள். உரிமை கேட்போருக்கு அதுவே உறுதியான சான்றாகும்.