வாசலில் நின்ற ஆகமம்

தெல்லிப்பழையிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கே சென்றால் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வரும். குதிரை முகத்தோடு வருந்திய சோழ ராஜகுமாரி மாருதப்புரவீகவல்லி, கீரிமலைத் தீர்த்தத்தில் ஆடி அம்முகம் நீங்கப்பெற்று எடுப்பித்த ஆலயம் அது என்பது ஐதிகம். துன்புற்ற ஒருத்திக்கு அருள் சுரந்த அச்சந்நிதானத்தின் வாசலிலேதான், 1968ஆம் ஆண்டில், உள்ளே சென்று வழிபட வந்த தாழ்த்தப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டார்கள்.

தடுப்புக்குத் தலைமை தாங்கியவர், கணிதப் பேராசிரியராகவும் சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் அமைச்சராகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம். சாதி காரணமாக ஒருவரைக் கோயிலில் நுழையவிடாமல் தடுப்பது குற்றமென்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் விதித்திருந்தும், ஆகம மரபே தமக்குப் பிரமாணம் என்று அவர் தரப்பு வாதித்தது. வழக்கு, அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது.

சிவாகமங்கள் இருபத்தெட்டு; அவை சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு பாதங்களாக விரிவன. சம்ஸ்கிருதத்தில் அமைந்த அவற்றை வாசலில் நின்றவர்களுள் எத்தனை பேர் கற்றிருக்கக்கூடும்? கற்க வாய்ப்பில்லாத நூலைக் காட்டி ஒருவர் கட்டளையிடும்போது, கேட்பவன் நூலுக்குப் பணிவதாக எண்ணிக்கொண்டு, காட்டியவருக்கே பணிந்துவிடுகிறான்.

சைவ நூல்களோ ஒரு குரலில் மட்டும் பேசுவதில்லை. பெரியபுராணத்தில், தாழ்ந்ததெனக் கருதப்பட்ட குலத்தவரான நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக் கூத்தனைக் கண்டார். அதே புராணத்தில், மதுரையில் இறைவனே அடியார் கனவில் ஏவித் திருநீலகண்ட யாழ்ப்பாணரைத் தன் திருமுன் அழைப்பித்து, அவர் இருக்கப் பலகையும் இடுவித்தான். இவ்விரண்டில் எதை எடுத்துக் காட்டுவது என்பதை நிர்ணயிப்பவர் மனிதர். ஆகவே அதன் பொறுப்பும் நூலைச் சார்ந்ததன்று, அம்மனிதரையே சார்ந்தது. எந்த ஆகமம், எந்தப் பாதம், மற்றதை விடுத்து இதை ஏன் தெரிந்தெடுத்தீர் என்று அவரை வினவுவது தெய்வ நிந்தனையாகாது. நூலின் மேல் உண்மையான மதிப்புடையவன் செய்யவேண்டிய கடமை அது.

அதே வட்டாரத்து மக்கள் தம் முடிவைத் தாமே எடுத்த தருணமும் உண்டு. 1970ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் சுந்தரலிங்கமும் போட்டியிட்டார். சைவர்களே மிகுந்த அத்தொகுதி, தெல்லிப்பழையில் வளர்ந்த கிறிஸ்தவரான சா. ஜே. வே. செல்வநாயகத்தையே தெரிவு செய்தது. அத்தீர்ப்புக்கு அரசியற் காரணங்கள் பல இருந்திருக்கும். ஆயினும், நெற்றியில் திருநீறு பூசிய அம்மக்கள் வேட்பாளரின் சமயத்தைக் கொண்டு தம் வாக்கை நிர்ணயிக்கவில்லை என்பதும், அதனால் அவர்களது சைவம் ஓர் அணுவும் குறைந்துவிடவில்லை என்பதும் நாம் மறக்கலாகாத உண்மைகள்.