இலையை நம்பாதே, இடுக்கைப் பார்!



சந்தையில் இரண்டு விதமான நெல்லிக்காய் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். எலுமிச்சை போலப் பெரிதாக இருப்பது தோட்டத்து ஒட்டு நெல்லி. கோலிக்குண்டு அளவில், கூறு கட்டி விற்பது மலை நெல்லி. நம் வாணியம்பாடிக்குப் பக்கத்திலேயே ஏலகிரியும் ஜவ்வாது மலையும் இருக்கின்றன அல்லவா? அந்தக் காடுகளில் தானாக முளைத்து வளர்வது அது. நல்ல இடத்தில் மரமாகும். பாறைச் சரிவில், தீயும் வெட்டும் பட்ட இடத்தில், ஆள் உயரப் புதராகவே நின்றுவிடும்.

புதராக நிற்கும்போது அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஒரு பங்குனி மாதம் மாணவர்களை ஏலகிரிக்கு அழைத்துப் போயிருந்தேன். "நெல்லி இலை கொண்டுவாருங்கள், பார்க்கலாம்" என்றேன். ஒருவன் புளிய இலையைக் கொண்டுவந்தான். இன்னொருவன் கையில் வாகைக் கன்று. மூன்றாவது கொத்தைப் பார்த்து எனக்கே சந்தேகம்! ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அது நெல்லி இல்லீங்க சார். நெல்லின்னா இலை இடுக்குல முத்து முத்தா பூ இருக்கும்" என்றான்.

அவன் சொன்னது அப்படியே தாவரவியல். புளியில் நாம் இலை என்று கிள்ளுவது ஒரு முழு இலையின் சிறு துண்டுதான். அதற்குச் சிற்றிலை என்று பெயர். சிற்றிலையின் இடுக்கில் பூ பூக்காது. நெல்லியில் ஒவ்வொன்றும் தனி இலை. ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய குச்சியில் இரு பக்கமும் வரிசையாக ஒட்டிக்கொண்டு, கூட்டிலை போல நம்மை ஏமாற்றுகிறது. அதனால்தான் அதன் இடுக்குகளில் மஞ்சள் கலந்த பச்சைப் பூக்கள் பூக்கின்றன. இலையுதிர் காலத்தில் இந்தக் குச்சியே இலைகளோடு கழன்று விழுந்துவிடும்.

பூ இல்லாத காலத்தில் பட்டையைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று, அங்கங்கே ஏடு ஏடாக உரிந்து, உள்ளே செம்பழுப்பாகத் தெரியும். காய் இருந்தால் வேலை இன்னும் சுலபம். காம்பே இல்லாததுபோல் குச்சியோடு ஒட்டியிருக்கும். மேலே ஆறு மெல்லிய கோடுகள் ஓடும். வீட்டுத் தோட்டத்து அரைநெல்லி வேறு. அது மஞ்சளாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும். (தெரியாத காயை வாயில் வைத்துச் சோதிக்கக் கூடாது. பெரியவர்களிடம் காட்டிய பிறகே தின்னலாம்.)

நெல்லியைக் கடித்தால் நாக்கு இழுக்கிறதே, ஏன்? அதில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். முன்பெல்லாம் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றில் தோலை ஊறவைப்பார்கள். அங்கே டானின் தோலின் புரதத்தைப் பிடித்து, அது அழுகாமல் காக்கிறது. உங்கள் நாக்கில் நடப்பதும் தோல் தொட்டியில் நடந்ததும் ஒரே வேலைதான்!

அதியமான் ஔவையாருக்குக் கொடுத்த நெல்லிக்கனியின் கதை உங்களுக்குத் தெரியும். அவனுடைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. நமக்குத் தென்மேற்கே, அதிக தூரமில்லை.

மனிதருக்கு முன்பே இந்தக் காய்க்குக் காட்டில் உரிமைக்காரர்கள் உண்டு. கீழே விழுந்த காய்களைப் புள்ளிமானும் கேளையாடும் விழுங்கி, அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். அப்படித்தான் புதிய கன்றுகள் முளைக்கின்றன. காய்க்காகக் கிளையையே வெட்டிச் சாய்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அடுத்த ஆண்டு அந்தக் கிளையில் மானுக்கும் காய் இல்லை, நமக்கும் இல்லை. போதாததற்கு, உண்ணிச்செடி படர்ந்த இடத்தில் நெல்லிக் கன்று தலைதூக்கவே முடிவதில்லை.

இந்த வாரம் நெல்லி தின்றால் கொட்டையை எறிந்துவிடாதீர்கள். நன்றாகக் கழுவி, வெயிலில் வைத்து, மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு மூடுங்கள். காயக் காய அது 'டப்'பென்று வெடிக்கும். துணியை விலக்கி விதைகளை எண்ணிப் பாருங்கள். மூன்று அறைகள், அறைக்கு இரண்டு விதை. உங்கள் கணக்கில் ஆறு வருகிறதா?