முகம் காட்டினால்தான் பணம் வருமா?

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் ஈரறை வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காக இணையத்தில் நிதி திரட்ட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை போய்விட்டது, வாடகையும் மின்கட்டணமும் பாக்கி. கதையை எழுதிவிடலாம். பக்கத்தின் உச்சியில் எந்தப் படத்தைப் போடுவது? அழும் பிள்ளையா, காலியான சமையலறையா, சிரித்தபடி நிற்கும் குடும்பமா? கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போகிறவரை நிறுத்துவது அந்தப் படம்தான்.

அழும் முகத்துக்குக் கூடுதலாகப் பணம் வரும் என்ற எண்ணத்துக்கு ஆய்வு ஆதாரம் உண்டு. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் சுலோவிக் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கேள்வித்தாள் நிரப்பியவர்களுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் விரும்பியதை ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்குத் தரலாம் என்றார்கள். பஞ்சத்தின் புள்ளிவிவரங்களை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் தந்தார்கள். மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற 7 வயதுச் சிறுமியின் படத்தையும் கதையையும் பார்த்தவர்கள் 2.38 டாலர் தந்தார்கள். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது தொகை 1.43-க்கு இறங்கிவிட்டது. பிறகு 2009-இல் ஸ்மாலும் நிக்கோல் வெரோக்கியும், சிரிக்கும் முகத்தைவிடவும் இயல்பான முகத்தைவிடவும் சோக முகத்துக்கே கொடை அதிகம் என்று காட்டினார்கள்.

சிங்கப்பூரில் சோக முகத்தைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி தனிமனிதர்களுக்கான நிதித்திரட்டில்தான் கடுமையாக இருக்கிறது. 2015 முதல் இயங்கும் கிவிங் டாட் எஸ்ஜி தளத்தில் பொதுநல அந்தஸ்து பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுத்தால், கொடுத்த தொகையின் 250 விழுக்காட்டுக்கு வரிக்கழிவு கிடைக்கிறது. ஒரு தனிக் குடும்பத்தின் பெயரில் திரட்டும் நிதிக்கு அந்தச் சலுகை இல்லை. கொடையாளரை இழுக்க அவர்களிடம் இருப்பது கதையும் படமும் மட்டுமே. அதனால் வீட்டின் துயரம் முழுவதையும் ஒரே படத்தில் திணிக்கத் தோன்றுகிறது.

அப்படிச் செய்யக்கூடாது என்பதே என் கருத்து. பணம் வராது என்பதால் அல்ல, வரும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ரோக்கியாவின் படத்தைப் பார்த்தவர்கள் அவளுடைய ஊரில் இல்லை. மார்சிலிங் பிள்ளையின் படத்தைப் பார்ப்பவர்களோ அதே புளோக்கின் மின்தூக்கியில் ஏறுகிறவர்கள், அதே எம்ஆர்டி நிலையத்தில் இறங்குகிறவர்கள், அதே வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள். தொடக்கநிலை இரண்டில் எடுத்த படம் உயர்நிலைப் பள்ளிக்கும் கூடவே வரும். வாடகைப் பாக்கி மூன்று மாதத்தில் தீர்ந்துவிடலாம். வாட்ஸ்அப்பில் பகிரப்பட்ட படத்தைத் திரும்ப வாங்க முடியாது.

வறுமையைக் காட்சியாக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்தியா கண்டிருக்கிறது. இத்தாலியப் புகைப்படக்காரர் அலெசியோ மாமோ உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏழை மக்களைப் போலி உணவு வைத்த மேசை முன் கண்களைப் பொத்திக்கொண்டு நிற்க வைத்தார். பிடித்த உணவைக் கனவு காணச் சொன்னாராம். அந்தப் படங்கள் 2018-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோவின் இன்ஸ்டகிராமில் வந்தபோது கண்டனம் குவிந்தது. 2023-இல் இந்திய விளம்பரத் தர மன்றம் அறக்கொடை விளம்பரங்களுக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. உதவி பெறுவோரின் கண்ணியத்தைக் குலைக்கும் படம் கூடாது, கொடுக்காதவர் வெட்கப்பட வேண்டும் என்று உணர்த்தக் கூடாது என்று அது சொல்கிறது. ஒருவரைக் காட்டிக் கேட்கும் பணம் அவருக்கே போகிறதா, பொது நிதிக்குப் போகிறதா என்பதையும் தெரிவிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் கிவ் ஏஷியா, ரே ஆஃப் ஹோப் போன்ற தளங்கள் 2018-இல் வந்த இணைய நிதித்திரட்டு நடைமுறைக் கோட்பாட்டை ஏற்றிருக்கின்றன. அதன் கவனம் பெரும்பாலும் கணக்கிலும் நம்பகத்தன்மையிலும்தான். படத்தில் இருப்பவருக்குத் துணை நிற்பது 2012-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆள் அடையாளம் தெரியும் படம் தனிநபர் தரவு. அறநிறுவனம் அதைப் பயன்படுத்தச் சம்மதம் வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு.

முகம் இல்லாமலும் ஒரு மனிதரைக் காட்டலாம். பிள்ளையின் புத்தகப்பை, அம்மாவின் கைகள், பெயரை மறைத்த மருத்துவமனைக் கட்டணச் சீட்டு, பின்புறத்திலிருந்து எடுத்த படம். விலைக்கு வாங்கிய யாரோ ஒருவரின் படம் மட்டும் வேண்டாம். அது வேறு ஆளின் படம் என்று தெரிந்த நாளில் கதை முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகிவிடும்.

படமே தேவைப்படாத வழியும் நம் சமூகத்தில் உண்டு. 1991-இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு, இந்தியச் சமூகத்தைச் சேர்ந்த ஊழியர்களின் சம்பளத்திலிருந்து, விலகிக்கொள்ளாதவர் எல்லாரிடமிருந்தும், மாதந்தோறும் சிறு தொகை போகிறது. எந்தப் பிள்ளையும் அதற்காக அழுது காட்ட வேண்டியதில்லை. ஆனால் திடீர் விபத்துக்கும் அவசர அறுவை சிகிச்சைக்கும் அது மட்டும் போதாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வெளிநாட்டு ஊழியர்களின் படங்கள்தான். மார்சிலிங்குக்கு அருகே உட்லண்ட்ஸ், கிராஞ்சி வட்டாரங்களில் விடுதிகள் இருக்கின்றன. காயமடைந்த ஊழியர் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் படம் இங்கே நூறு பேரின் மனத்தை இளக்கும். அதே படம், அடிபட்ட செய்தியே இன்னும் எட்டாத புதுக்கோட்டை வீட்டுக்கும் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். அவருடைய வேலை அனுமதி முதலாளியைச் சார்ந்தது, சிகிச்சைக்குப் பணம் உடனே வேண்டும். அந்த நிலையில் “படம் போடலாமா, அண்ணே?” என்று கேட்டால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

ஆகவே கேட்கும் முறையை மாற்ற வேண்டும். வெளியிடும் முன் பக்கம் கைப்பேசியில் எப்படித் தெரியும் என்பதை அவரிடமே காட்டி, அதில் எழுதியிருப்பதைத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். படத்தை நீக்கச் சொல்ல அழைக்க வேண்டிய எண்ணையும், நிதி திரண்டதும் படம் எந்தத் தேதியில் இறங்கும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, படம் தராவிட்டாலும் உதவி நிற்காது என்று சொல்லிவிட வேண்டும்.