கட்டிய பணம் திரும்பி வருமா?

2019-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை. அடுத்த வீட்டு அம்மாள் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். கையிலே ஒரு மஞ்சள் பை, பையிலே ஒரு ரசீது, முகத்திலே ஈயாடவில்லை.

"நீங்கள் பத்திரிகையிலே இருக்கிறவர். நாலு விஷயம் தெரிந்தவர். இந்தப் பணம் வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றாள்.

விஷயம் இதுதான். அவளுடைய பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க்கு வாங்கியிருந்தாள். இஞ்சினீயரிங் கவுன்ஸலிங் நடக்க ஜூலை மாதம் ஆகிவிடும். அதுவரை சும்மா இருந்துவிட்டு, அங்கேயும் இடம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது? நீங்களாக இருந்தாலும் இதே பயந்தான் பட்டிருப்பீர்கள். ஆகையால் மே மாதத்திலேயே ஒரு தனியார் காலேஜில் பி. எஸ்ஸி. வகுப்பில் இடம் பிடித்து வைத்தார்கள். ஒரு வருஷத்துக் கட்டணம் 80,000 ரூபாய். காப்புத் தொகை என்று தனியாக 5,000. அதற்காக அம்மாளின் வளையல்கள் நாலும் அடகுக் கடைக்குப் போயின.

ஜூலையில் அரசாங்க இஞ்சினீயரிங் காலேஜிலேயே ஸீட் கிடைத்துவிட்டது! வீட்டில் பாயசம் வைத்தார்கள். எங்களுக்கும் ஒரு டம்ளர் வந்தது. ஆனால் பழைய காலேஜில் போய்ப் பணத்தைக் கேட்டபோதுதான் பாயசம் கசக்க ஆரம்பித்தது. "கட்டிய பணம் கட்டியதுதான். பாக்கி இரண்டு வருஷத்துக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, ஸர்டிபிகேட்டுகளை வாங்கிக்கொண்டு போங்கள்" என்றார் குமாஸ்தா.

படிக்காத படிப்புக்கு 1,60,000 ரூபாய்! அந்த அம்மாள் பயந்து போனதில் என்ன ஆச்சரியம்?

உண்மையில் அப்படிக் கேட்க எந்தக் காலேஜுக்கும் உரிமை கிடையாது. ஒரு ஸெமஸ்டர் அல்லது ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டணத்தை ஒரே தடவையில் வசூலிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2003-லேயே சொல்லிவிட்டது. பல்கலைக் கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பில் விஷயத்தை இன்னும் தெளிவாக்கியது. மார்க்குப் பட்டியல், பள்ளிச் சான்றிதழ் முதலிய அசல்களைச் சரிபார்த்துவிட்டு அப்போதே மாணவரிடம் திருப்பித் தந்துவிட வேண்டும். நகலை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அசலைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பது, அடகுக் கடைக்காரர் செய்யக் கூடிய காரியம். கல்விச்சாலை செய்யக் கூடியதல்ல. அடகுக் கடைக்காரராவது முதலில் பணம் கொடுத்துவிட்டல்லவா பொருளை வாங்கி வைத்துக்கொள்கிறார்!

பணத்துக்கும் அந்த அறிவிப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இங்கேதான் நீங்கள் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். காலேஜ் முறைப்படி அறிவித்திருக்கும் 'சேர்க்கைக்குக் கடைசித் தேதி' என்று ஒன்று உண்டு. வகுப்புத் தொடங்கும் தேதி வேறு, இது வேறு. எல்லாக் கணக்கும் இந்தக் கடைசித் தேதியை வைத்துத்தான்.

அம்மாளின் 80,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போதே விலகினால், முழுப் பணமும் வரும். அதில் நூற்றுக்கு ஐந்து வீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், ஆபீஸ் செலவுக்குப் பிடித்துக்கொள்ளலாம். ஆக 76,000 கைக்கு வரவேண்டும். பதினைந்து நாளுக்குள் நெருங்கிவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு: 72,000. கடைசித் தேதி தாண்டி முதல் பதினைந்து நாளுக்குள் என்றால் எண்பது: 64,000. அதற்கும் பிறகு, முப்பதாவது நாள் வரையில், பாதிதான்: 40,000. முப்பது நாளும் கடந்துவிட்டதா? ஒன்றும் இல்லை. மனுக் கொடுத்த பதினைந்து நாளுக்குள் பணத்தைத் தந்துவிட வேண்டும் என்பதும் விதி. காப்புத் தொகை இந்தக் கணக்கிலேயே சேராது. அதை முழுசாகத் திருப்பித் தர வேண்டும்.

எப்பொழுது விலகியதாக அர்த்தம்? வகுப்புக்குப் போகாமல் நின்றுவிட்டாலா? டெலிபோனில் சொல்லிவிட்டாலா? இரண்டும் இல்லை. எழுத்து மூலம் மனுக் கொடுத்தால்தான். என் கேள்விக்கு அந்த அம்மாள் சொன்ன பதிலைக் கேளுங்கள்:

"ஜூலை 22-ஆம் தேதியே போன் பண்ணிச் சொல்லிவிட்டேனே! 'பிரின்ஸிபால் ஊரில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்' என்றார்கள். அடுத்த வாரம் போனேன். 'அதற்கடுத்த வாரம்' என்றார்கள்."

"எழுதிக் கொடுத்தீர்களோ?"

"எழுத வேண்டும் என்று யார் சொன்னார்கள்?"

அந்தக் காலேஜின் கடைசித் தேதி ஜூலை 31. டெலிபோன் செய்த அன்றே நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால் 72,000 வந்திருக்கும். அவள் மனு எழுதியது ஆகஸ்டு 6-ஆம் தேதி, எங்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து. அதனால் கிடைக்க வேண்டியது 64,000 ஆகிவிட்டது. நடுவில் போன 8,000 ரூபாய், "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற சொல்லுக்கு அவள் கொடுத்த விலை.

மனுவில் பெரிய இலக்கியம் ஒன்றும் வேண்டாம். பெண்ணின் பெயர், வகுப்பு, கட்டிய தொகை, ரசீது எண், 'இன்றைய தேதியிலிருந்து விலகிக்கொள்கிறேன். கட்டணத்தையும் அசல் சான்றிதழ்களையும் திருப்பித் தர வேண்டுகிறேன்' என்ற வாக்கியம், தேதி, கையெழுத்து. அவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபால் இருக்கிறது. ஈ-மெயிலிலும் அனுப்பி வைக்கலாம்.

கொரோனாக் காலத்திலிருந்து மானியக் குழு அந்தந்த வருஷத்துக்கென்று இன்னும் தாராளமான உத்தரவுகளும் போட்டிருக்கிறது. 2024-25-ஆம் கல்வி ஆண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுப் பணம். அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு. ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளை சேருகிற வருஷத்துக்கு என்ன உத்தரவு என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே ஆபீஸ் வாசற்படி ஏறுங்கள்.

இஞ்சினீயரிங் போன்ற தொழில் படிப்புகளுக்கு அகில இந்தியத் தொழில் நுட்பக் கல்விக் குழு தனி விதி வைத்திருக்கிறது. வகுப்புத் தொடங்குவதற்கு முன்பே விலகினால் 1,000 ரூபாய்க்கு மேற்படாமல் பிடித்துக்கொண்டு பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். சேர்ந்த பிறகு விலகினால், அந்த இடத்தில் வேறொருவர் வந்து சேர்ந்தாரா என்பதைப் பொறுத்தது. சேர்ந்திருந்தால், இருந்த மாதங்களுக்கு மட்டும் கழித்துக்கொள்வார்கள். இடம் காலியாகவே நின்றுவிட்டால், காப்புத் தொகையும் சான்றிதழ்களுந்தான் வரும். அப்போதும் அடுத்த வருஷங்களின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது.

பாங்கியில் கடன் வாங்கிக் கட்டியவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தப் பணத்தைப் பாங்கியே நேராகக் காலேஜுக்கு அனுப்பியிருக்கும். திரும்பி வருகிற பணமும் கடன் கணக்கில்தான் போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததா என்று நீங்களே போய்ப் பாருங்கள். சேருகிற வரையில் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வருஷ வருமானம் நாலரை லட்சத்துக்கு மேற்படாத குடும்பங்களுக்கு, படிக்கிற காலத்து வட்டியை மத்திய சர்க்கார் ஏற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்று 2009-லிருந்து நடந்து வருகிறது. பாதியிலே படிப்பை நிறுத்தினால் அந்தச் சலுகை போய்விடும். உடம்பு சரியில்லாமல் நிறுத்தியவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு; அதற்கு வைத்தியச் சான்றுகளைக் காலேஜ் தலைவர் ஒப்புக்கொள்ள வேண்டும். பெண் காய்ச்சலில் விழுந்து படிப்பு நின்றுபோன வீடுகளில் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

பள்ளிப் படிப்புக்கு மேல் படிக்கிற ஆதி திராவிட மாணவர்களுக்குத் தரும் உபகாரச் சம்பளத்திலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. வருஷத்தின் நடுவில் படிப்பை விட்டால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் அதிகாரம் மாநில சர்க்காருக்கு உண்டு. கேட்டே தீர வேண்டும் என்பதில்லை. ஏன் விட நேர்ந்தது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வைப்பது நல்லது.

எல்லாம் செய்தும் காலேஜ் மசியவில்லையானால்? 2023-ல் வந்த விதிப்படி ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் மாணவர் குறை தீர்க்கும் குழு இருக்க வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்; வளையல் அடகுக்குப் போன கதை அவருக்காவது புரியும் அல்லவா? குழு பதினைந்து வேலை நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் திருப்தியில்லையென்றால் பல்கலைக் கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மானியக் குழுவுக்கே நேராக எழுத 'ஈ-சமாதான்' என்ற இணையதளமும் இருக்கிறது.

அடுத்த வீட்டு அம்மாள் அவ்வளவு தூரம் போகவில்லை. 2018 அறிவிப்பின் பிரதியை மனுவோடு சேர்த்துக் கொடுத்தாள். ஸர்டிபிகேட்டுகள் ஒரு வாரத்தில் வந்தன. 64,000 ரூபாய் செப்டம்பர் கடைசியில், நவராத்திரிக்குச் சற்று முன்னால் வந்தது. கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக்கொடுக்க வந்தபோது அவள் கையில் மூன்று வளையல்கள் இருந்தன.

"அந்தக் காப்புத் தொகை 5,000 என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

அவளுக்கு அது மறந்தே போயிருந்தது! அந்த ரசீதைத் தேட இரண்டு நாள் ஆயிற்று. அரிசி டின்னுக்கு அடியில் விரித்த காகிதங்களோடு கிடந்ததாம். மறுநாளே இன்னொரு மனு எழுதிக்கொண்டு பஸ் ஏறினாள். இந்தத் தடவை பிரதியில் முத்திரை விழுகிற வரையில், குமாஸ்தாவின் மேஜைக்கு எதிரே இருந்த பெஞ்சியை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.