குற்றாலம் போற அவசரத்துல நீங்க மிஸ் பண்ற 12 கிலோமீட்டர்!

சாரல் சீசன் தொடங்கியதுமே மதுரையிலிருந்து குற்றாலத்துக்கு கார்கள் வரிசைகட்டும். திருமங்கலம், கிருஷ்ணன்கோவில் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரே ஒரு பிரேக். "அண்ணே, அரை கிலோ பால்கோவா" என்று இன்ஜினைக்கூட ஆஃப் பண்ணாமல் வாங்கிக்கொண்டு கிளம்பினால், அடுத்த 20 நிமிஷத்துல ராஜபாளையமும் பின்னால் போயிருக்கும். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர்தான். இந்தப் பன்னிரண்டுக்கு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கன்னு சொன்னா சிரிப்பீங்க.

ஆனா, ரீல்ஸ்ல வாயைப் பிளந்து பார்க்கிற இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைச் சாலை மட்டும் எவ்வளவு நீளம்னு நினைச்சீங்க? சுமார் 50 கிலோமீட்டர். அதற்கு மூணு நாள், நாலு நாள் என்று பிளான் போடுகிறார்கள். அங்கே கூட்டம் தாங்காமல் 2022-ல் சீசன் நாள்களுக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை நம்பர் பிளேட் விதியே கொண்டுவந்துவிட்டார்கள். 'மெதுவான நகரங்கள்' என்ற சிட்டாஸ்லோ இயக்கமும் 1999-ல் அதே இத்தாலியில் பிறந்ததுதான். அதில் சேர மக்கள்தொகை 50,000-க்குள் இருக்கணும். நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் 2011 கணக்கெடுப்பிலேயே 75,000-ஐத் தாண்டிடுச்சு. சர்டிஃபிகேட் கிடைக்காது, பரவாயில்லை.

தென் ஐரோப்பாவின் சின்ன ஊர்களில் மதியம் கடைகளை அடைத்துவிட்டு ஓய்வெடுக்கப் போவார்கள். அதை நாம 'வாவ்'னு சொல்றோம். இங்கே கோயில் நடை மதியம் சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கும். அதை மட்டும் 'சே, டைம் வேஸ்ட்'னு சொல்றோம். ஸ்லோ டிராவல் என்பது 30 கி.மீ வேகத்தில் வண்டி ஓட்டுவது இல்லை. ஊரோட நேரத்துக்கு நம்ம நேரத்தை மாத்திக்கிறது.

காலை: கோபுரமும் கிளியும்

அதனால் முந்தின நாள் ராத்திரியே வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கிவிடுங்க. விடிந்ததும் ஆண்டாள் கோயில். 11 நிலை ராஜகோபுரம் இருப்பது வடபத்ரசாயி சந்நிதியில். தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். மதுரைக்காரர் பக்கத்தில் இருந்தால் அதற்கே தனியாக ஒரு பட்டிமன்றம் நடக்கும். ஆண்டாளைப் பெரியாழ்வார் கண்டெடுத்ததாகச் சொல்லும் நந்தவனம், மாலையைச் சூடி அழகு பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு (அந்தக் காலத்து ஃப்ரன்ட் கேமரா!) எல்லாம் இங்கேதான்.

பலர் கவனிக்காமல் வருவது ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை. அது தினமும் புதுசாகச் செய்யப்படுவது. மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு. ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கிளி, அதுவும் பல தலைமுறையாக.

பால்கோவாவை தரிசனம் முடிந்த பிறகு, கொதிக்கிற சட்டி பக்கத்தில் நின்று வாங்கணும். பாலும் சர்க்கரையும் மட்டும்தான் பொருள். விறகடுப்பில் பால் வற்ற வற்ற, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்கணும். கை நின்றால் சரக்கு போச்சு. அந்த லேசான பழுப்பு நிறம் சூட்டில் பாலும் சர்க்கரையும் சேர்ந்து வருவது. பளீர் வெள்ளையாக, அல்வா மாதிரி வழவழன்னு இருந்தால் கொஞ்சம் யோசிங்க. 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியும் வேற எந்தெந்த ஊரிலோ செய்த சரக்கு இதே பெயரில் பஸ் ஸ்டாண்டுகளில் ஓடுவதை நீங்களே பார்த்திருப்பீங்க. வெதுவெதுப்பாக 50 கிராம் வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் டப்பா பால்கோவா பிடிக்காது, அது என் பொறுப்பில்லை.

கொஞ்சம் நேரம் இருந்தால் பென்னிங்டன் நூலகத்தை எட்டிப் பாருங்க. 1875-ல் தொடங்கியது. நியூஸ்பேப்பர் படிக்கிற பெரியவர்களோடு உட்கார்ந்தால் ஃபோன் ஞாபகமே வராது.

கடல் இல்லை, மலை இருக்கு

இந்தச் சாலையில் மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை கூடவே வரும். கேரளப் பக்கம் ஜூன், ஜூலையில் மழை கொட்டும்போது, இந்தப் பக்கம் மேகம் முகட்டில் வழிந்து அப்படியே கரைந்துவிடும். நமக்குக் காத்து மட்டும்தான். இது மழை மறைவுப் பகுதி. பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். பசுமையாகப் பார்க்கணும்னா மார்கழி, தை சரியான நேரம்.

ஊருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. இந்த அணில் தரைக்கு அபூர்வமாகத்தான் இறங்கும். கிளைக்குக் கிளை தாவியே வாழும். மரங்களின் உச்சி ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதுக்கு ரோடு. நடுவில் நாலு மரம் வெட்டினால் அதோட ரோடு கட். வனத்துறை அனுமதி கேட்டுவிட்டுப் போங்க, ஸ்பீக்கரை ஹோட்டலிலேயே விட்டுடுங்க.

இரண்டாம் நாள்: ராஜபாளையம்

ராஜபாளையம்னாலே நாய்தான் ஞாபகம் வரும். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாட்டு நாய் இனங்களின் தபால்தலைகளில் இதுவும் ஒன்று. இங்கே ஒரு வேண்டுகோள். டூர் வந்த ஜோரில் 'ஒரு குட்டி தூக்கிட்டுப் போயிடலாம்'னு தோணும். வேண்டாம். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம் இது. ஓட இடம் வேணும், ஒரே ஆளோட ஒட்டிக்கும். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் காது கேளாமை இந்த இனத்தில் உண்டு. கைதட்டிப் பார்க்காமல் வாங்கிவிட்டு, அப்புறம் 'சொன்ன பேச்சு கேட்கலை'ன்னு அடிப்பது அநியாயம். 2BHK-வில் இருப்பவர்கள் தபால்தலையை ரசிப்பதோடு நிறுத்திக்கலாம்.

சித்திரை, வைகாசியில் வந்தால் சப்பட்டை மாம்பழம் கேட்டு வாங்குங்க. பழையபாளையம், புதுப்பாளையம் தெருக்களில் தெலுங்கு காதில் விழும். ராஜுக்கள் பல நூற்றாண்டுக்கு முன் ஆந்திரப் பக்கமிருந்து வந்தவர்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். இப்போ நம்ப முடியுதா?

அடுத்து, எந்த டூரிஸ்ட் லிஸ்ட்டிலும் வராத ஓர் இடம்: கிழக்கே சத்திரப்பட்டி. தெருவில் நுழைந்ததுமே தறிச் சத்தம். நெய்வது சேலை இல்லை, ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணி. இழை இடைவெளி விட்டு, வலை மாதிரி நெய்து, வெளுத்து, காயவைத்து, சுருட்டி அனுப்புகிறார்கள். சின்ன வயசுல முழங்காலில் சுற்றிய கட்டு இந்த ஊரிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். டீ குடித்தபடி வேடிக்கை பாருங்க. கேட்காமல் வீடியோ எடுக்காதீங்க, அது அவங்க வேலை பார்க்கிற இடம்.

மதியத்துக்கு மேல் மேற்கே திரும்பினால், ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், அய்யனார் கோயில் அருவி. ஒரு விஷயம் மட்டும் சீரியஸா. தலைக்கு மேல் வெயில் அடிக்கும். ஆனால் மலை உச்சியில் மழை பெய்திருந்தால் சில நிமிஷத்தில் ஆற்றில் வெள்ளம் இறங்கிவிடும். தண்ணீர் கலங்கினாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, கரையேறிடுங்க. செல்ஃபி அப்புறம். வனத்துறை 'இன்னிக்கு அனுமதி இல்லை'ன்னா வாக்குவாதம் வேண்டாம், மாம்பழம் வாங்கிட்டுத் திரும்பலாம்.

திருமங்கலம் - ராஜபாளையம் சாலை நான்கு வழியாகிறது. 70 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஊர்களைச் சுற்றிப்போகும் பாதைகளோடு. லாரிக்காரர்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் நல்லதுதான், மறுக்கவே முடியாது. ஆனா, ரோட்டோரம் பிரேக் போடுற கார்களை நம்பி அடுப்பு மூட்டுகிற பால்கோவா கடைக்காரருக்கு? அந்த இன்ஜின் ஆஃப் பண்ணாத அரை கிலோவும் அப்புறம் கிடைக்காது. மேப்பில் ரூட் போடும்போது 'நெடுஞ்சாலையைத் தவிர்' என்று ஓர் ஆப்ஷன் இருக்கும். கிருஷ்ணன்கோவில் வரும்போது அதை ஆன் பண்ணிடுங்க.